கொசுவத்தி சுற்றாத படம்

‘ஹிரோஷிமா மோன் அமூர்’ என்று யாராவது பேச்செடுத்தால் அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். “ஃப்ளாஷ்பேக் உத்தியையே மாற்றிப் போட்ட படம்.” பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். சொல்பவர்கள் படத்தைப் பார்த்தவர்களும்தான். ஆனாலும் அந்த வரி உறுத்துகிறது. பிரெஞ்சு இயக்குநர் அலென் ரெனே 1959இல் கொண்டுவந்த அந்த 90 நிமிடப் படத்தில், ஃப்ளாஷ்பேக் என்று நாம் பழகியிருக்கும் சமாச்சாரம் ஏறக்குறைய இல்லவே இல்லை. நம் வலைப்பதிவு உலகில் பழைய நினைவை எழுத உட்கார்ந்தால் ‘கொசுவத்தி சுற்றுகிறேன்’ என்போம். திரை சுருள் சுருளாகச் சுற்றி, முகம் மங்கி, பழைய காலத்துக்குள் போகும் அந்தக்கால சினிமா உத்தியிலிருந்து பிறந்த கிண்டல் அது. அதில் ஒரு வசதி இருக்கிறது. கொசுவத்தியும் தீப்பெட்டியும் சுற்றுபவர் கையில். எப்போது கொளுத்துவது, எங்கே அணைப்பது எல்லாம் அவர் இஷ்டம். ஹிரோஷிமாவுக்கு வந்த இடத்தில் ஒரு ஜப்பானியனைக் காதலிக்கும், எமானுவேல் ரிவா நடித்த பிரெஞ்சுக்காரிக்கு ரெனே அந்த வசதியைக் கொடுக்கவில்லை. அந்த வசதி பறிபோனவளின் கதைதான் படமே. இன்னொன்றும் சேர்த்துச் சொல்வேன்: இது நினைவைப் பற்றிய படம் என்பதைவிட, நினைவை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அப்புறம் அது என்ன ஆகிறது என்பதைப் பற்றிய படம்.

நான்கு விநாடிக் கை

காலை. ஹோட்டல் அறை. யுகாதா என்ற ஜப்பானிய மெல்லங்கி உடுத்திப் பால்கனியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவள், கோப்பையோடு கதவோரம் வந்து நிற்கிறாள். கட்டிலில் அந்த ஜப்பானியன், எய்ஜி ஒகாடா, தூங்கிக்கொண்டிருக்கிறான். ஒரு கை விரிந்து கிடக்கிறது. விரல்கள் லேசாகத் துடிக்கின்றன, தூக்கத்தில் எல்லோருக்கும் துடிப்பதுபோல. அவள் முகம். சட்டென்று இன்னொரு கை, கிட்டத்தட்ட அதே கிடப்பில், அதே துடிப்பில். ஆனால் இது செத்துக்கொண்டிருக்கும் கை. காமிரா அந்தக் கையை விட்டு விருட்டென்று நகர்ந்து ரத்தம் தோய்ந்த ஓர் இளைஞனின் முகத்துக்குப் போகிறது. அந்த முகத்தில் ஒரு பெண் முத்தமிட்டுக்கொண்டிருக்கிறாள். திரும்பவும் கதவோரம் நிற்பவள். அவ்வளவுதான். நான்கைந்து விநாடி, விநாடிக்கு 24 பிரேம் என்று கணக்குப் போட்டால் நூறு பிரேம் பக்கம்.

அவன் விழித்துக்கொள்கிறான். என்ன கனவு கண்டாய் என்று கேட்கிறாள். ஞாபகம் இல்லை, ஏன் என்கிறான். உன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தூங்கும்போது அவை அசைகின்றன என்கிறாள். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. பார்வையாளருக்கும் அதற்கு மேல் ஒன்றும் கிடைப்பதில்லை. அந்த இளைஞன் யார், எந்த ஊர், ஏன் சாகிறான் என்பதெல்லாம் படம் பாதி தாண்டித்தான் தெரியவரும்.

இந்த இடத்தில் இல்லாதவற்றைத்தான் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்துச் சினிமாவில் நேரம் பின்னால் போகிறது என்றால் ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாக வேண்டும். கூடவே ஒரு குரல் வரும், இல்லையென்றால் முகத்தை நெருங்கிப் போகும் ஒரு காமிரா நகர்வு. இவை மூன்றும் பார்வையாளரிடம் கேட்கும் அனுமதி. ‘இப்போது உள்ளே போகப்போகிறோம், செருப்பைக் கழற்றிக்கொள்ளுங்கள்’ என்பதுபோல. ரெனேயும் படத்தொகுப்பாளர் ஆன்றி கோல்பியும் குழுவும் அந்த அனுமதியைக் கேட்கவில்லை, ஏனென்றால் நினைவு அவளிடமும் கேட்கவில்லை. அவளாக எதையும் நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு கை இன்னொரு கையைக் கூட்டிவந்துவிட்டது. போர் மனதில் விடும் காயத்தைப் பற்றி மனமருத்துவர்கள் ‘அத்துமீறி நுழையும் நினைவு’ என்று சொல்வதற்குத் திரையில் இதைவிடத் துல்லியமான வடிவம் கிடையாது.

குறும்படம் எடுப்பவர்கள் இந்த வெட்டை நகலெடுக்காமல் விடுவதில்லை. பெரும்பாலும் கெட்டுப்போகிறது, அதற்குத் திட்டமான காரணங்களும் உண்டு. முதலாவது, பொருளை வைத்து இணைப்பது: இங்கே ஒரு சோகம், அங்கே ஒரு சோகம் என்று. ரெனே இணைப்பது உருவத்தை. கை எந்தப் பக்கம் கிடக்கிறது, விரல்கள் எப்படி மடங்கியிருக்கின்றன, பிரேமில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதெல்லாம் பொருந்த வேண்டும், அர்த்தம் பிறகு வந்து சேரும். இரண்டாவது தப்பு, பழைய காட்சிக்கு மஞ்சள் சாயம் பூசுவது, வெட்டு விழும் இடத்தில் ‘ஷ்ஷ்’ என்று ஒரு சத்தம் வைப்பது. இரண்டுமே கொசுவத்திதான், நவீன மாடல். மூன்றாவதுதான் மோசமானது: அடுத்த வசனத்திலேயே விளக்கிவிடுவது. “என் பழைய காதலன் ஞாபகம் வந்துவிட்டது” என்று நாயகி சொல்லிவிட்டால் அந்த நூறு பிரேமும் தண்டம். பார்த்தது என்ன என்று பார்வையாளருக்கு உறுதிப்படுவதற்குள் நிகழ்காலத்தின் முகத்துக்குத் திரும்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு ரொம்ப நேரம் வாயைத் திறக்கக் கூடாது. இந்தக் கடைசிப் பொறுமைதான் யாருக்கும் வருவதில்லை.

இரண்டு ஆறு, இரண்டு ஒளிப்பதிவாளர்

படத்துக்கு ஒளிப்பதிவாளர்கள் இரண்டு பேர். ஜப்பானில் மிச்சியோ தகாஹாஷி, பிரான்ஸில் சாஷா வியர்னி. இரு நாட்டுக் கூட்டுத் தயாரிப்பில் வந்த ஏற்பாடுதான், ஆனால் ரெனே அதை உத்தியாகவே ஆக்கிக்கொண்டார். ஹிரோஷிமாவில் எடுத்ததை வியர்னிக்குப் போட்டுக் காட்டவில்லை. தெரிந்தால் வியர்னி தன்னையறியாமல் அதனோடு ஒட்டப் பார்ப்பார் என்ற கணக்கு. 1958 கோடை கடைசியில் ஜப்பானில் எடுத்தார்கள், அந்த ஆண்டு டிசம்பரில் பிரான்ஸில். அதனால் பிரான்ஸில் அவளுடைய பழைய ஊரான நெவேர் முழுக்கக் குளிர்காலச் சாம்பல் வெளிச்சத்தில் இருக்கிறது, ஹிரோஷிமா நியான் விளக்கில் ஈரமாக மினுங்குகிறது. கடைசிப் பகுதியில் அவள் ராத்திரி முழுக்க நடக்கும்போது இரண்டு ஊர்த் தெருக்களும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு ஓடுகின்றன. காமிரா ஹிரோஷிமாவில் கிளம்பி நெவேரில் நடந்துகொண்டே இருப்பதுபோல ஒரே வேகம். மங்கலான ஊர் ‘நினைவு’, பளிச்சென்ற ஊர் ‘இன்று’ என்று பிரித்துக்கொள்ள முடியாது. இரண்டும் சம எடையில் வந்து விழுகின்றன.

மார்கரித் துராஸ் எழுதிய வசனத்திலும் இதே இணைப்பு உண்டு, சத்தமில்லாமல். ஹிரோஷிமாவின் ஓட்டா ஆற்றுக் கழிமுகத்தின் ஏழு கிளைகளும் வழக்கமான நேரத்தில் நிரம்புகின்றன, வழக்கமான நேரத்தில் வடிகின்றன என்று தொடக்கத்தில் ஒரு வரி. நெவேரின் லுவார் ஆற்றைப் பற்றிப் பிறகு சொல்லும்போது, போக்கு ஒழுங்கில்லை, மணல்திட்டு, அதனால் படகே ஓடாது, எப்போதும் வெறிச்சோடிக் கிடக்கும் என்கிறாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்படி படம் எங்கேயும் சொல்வதில்லை. தலைமுடியும் அப்படித்தான். குண்டு விழுந்த பிறகு ஹிரோஷிமாப் பெண்கள் காலையில் எழுந்தால் கூந்தல் மொத்தமாகக் கொட்டிக் கிடந்ததை அருங்காட்சியகக் காட்சியில் சொல்லியாகிவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து நெவேரில், போர்க்காலத்தில் ஒரு ஜெர்மன் சிப்பாயைக் காதலித்த அவளுக்கு மொட்டையடிக்கிறார்கள். ஜெர்மானியர்களோடு பழகினார்கள் என்று 1943 முதல் 1946 வரை பிரான்ஸில் மொட்டையடிக்கப்பட்ட பெண்கள் சுமார் 20,000 பேர் என்பது வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு. அணுகுண்டையும் கத்திரிக்கோலையும் ஒரே தட்டில் வைக்கிறாரே என்று துராஸ் மேல் கோபப்பட்டவர்கள் உண்டு. வைத்தது உண்மைதான். ஆனால் சமன் செய்யவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே மொட்டைத்தலை அவளுடையது, வேறு எதைக்கொண்டு அவள் அந்தக் கூந்தல் குவியலைப் பார்ப்பாள்?

தேநீர்க்கடையில் ஒரு விகுதி

ஆற்றோரத் தேநீர்க்கடைக் காட்சிதான் படத்தின் அச்சாணி. ராத்திரி, பீர், ஒலித்தட்டுப் பெட்டியில் காசு போட்டால் பாட்டு. அதில் ஒலிக்கும் வால்ட்ஸ் மட்டும் ஜோர்ஜ் தெலரூ இசையமைத்தது, படத்தின் மற்ற இசை ஜியோவான்னி ஃபுஸ்கோ. மறுநாள் அவளுக்கு விமானம். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், அவன் நெவேரைப் பற்றித் துருவித் துருவிக் கேட்கிறான். இந்த இடத்தில் துராஸ் செய்யும் வேலையைப் பிரெஞ்சு தெரியாதவர்கள் தவறவிட வாய்ப்பு அதிகம். ஆங்கில வசனவரியிலும் அது இருக்கத்தான் செய்கிறது, ஆனால் வேகத்தில் நழுவிவிடும்.

“நீ நிலவறையில் இருக்கும்போது நான் செத்துவிட்டேனா?” என்று கேட்கிறான். செத்தது அவளுடைய பழைய காதலன், அந்த ஜெர்மன் சிப்பாய். கேட்பவன் ஜப்பானியக் கட்டடக் கலைஞன். அவள் ஒரு கணம்கூடத் தயங்காமல், “நீ செத்துவிட்டாய்” என்கிறாள். அங்கிருந்து பத்து நிமிடத்துக்கும் மேலாக அவள் அவனிடம் அவனுடைய சாவையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். தமிழில் இது இன்னும் கூர்மையாக வரும், ஏனென்றால் நமக்கு ‘நான்’ என்ற சொல்லே தேவையில்லை. ‘செத்துவிட்டேனா’ என்பதில் அந்த ‘-ஏன்’ விகுதி மட்டும் போதும். ஆனால் தமிழில் வசனவரி போடும் யாரோ ஒருவர் இது எழுத்துப்பிழை என்று நினைத்து ‘செத்துவிட்டானா’ என்று திருத்தினால் படம் அங்கேயே இடிந்து விழும். அந்த ஒரு விகுதியில்தான் அவன் செத்தவனின் இடத்தில் போய் உட்காருகிறான். மருத்துவர், பூசாரி, காதலன் மூன்று வேலையையும் ஒருவனே பார்க்கிறான் என்று சொல்லலாம். பேயோட்டும்போது பேயிடம் ‘நீ யார்’ என்று கேட்பார்கள். இங்கே கேட்பவனே பேயின் பெயரில் பேசுகிறான்.

கதையும் நேராக வருவதில்லை. முதலில் அவளை அடைத்துவைத்திருந்த நிலவறை. சுவரைச் சுரண்டிச் சுரண்டி ரத்தம் வரும் கை, அந்த ரத்தத்தை நக்குவது, தெருவில் போகும் கால்கள் மட்டும் தெரியும் சிறு சன்னல். சாவு அதற்குப் பிறகுதான். மத்தியானம் 12 மணிக்கு லுவார் கரையில் சந்திப்பதாகப் பேச்சு, அவள் போகும்போது அவன் இன்னும் முழுதாகச் சாகவில்லை. ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து யாரோ சுட்டிருக்கிறார்கள். அன்று பகல் முழுக்க, ராத்திரி முழுக்க அந்த உடம்பின் மேல் கிடக்கிறாள். உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சில்லிடுகிறது. எந்த நொடியில் செத்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை, தன் உடம்புக்கும் அவன் உடம்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. காரணம் பின்னால் வருகிறது, விளைவு முன்னால் வருகிறது. காயப்பட்டவர்கள் பேசிக் கேட்டவர்களுக்கு இது அன்னியமாக இருக்காது. அவர்கள் யாரும் தேதி வாரியாகச் சொல்வதில்லை.

முதல் காதலாயிற்றே என்று அவள் கத்துகிறாள். அவன் அறைகிறான். இரண்டு அறை. கடையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். இதுவரை நெவேரின் மேல்கூட ஹிரோஷிமாவின் சத்தங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன என்பது அப்போதுதான் உறைக்கும். அவள் பார்த்த ஊர் ஒன்று, அவள் காது இருந்த ஊர் வேறு. அறை அவளைக் கண் இருந்த ஊரிலிருந்து காது இருந்த ஊருக்கு இழுத்துக்கொண்டு வருகிறது. ஆண் பெண்ணை அறைவதை இன்று எந்தக் கூட்டத்தில் திரையிட்டாலும் முணுமுணுப்பு எழும், எழவும் வேண்டும். ஆனால் அந்த அறையை எடுத்துவிட்டுப் பாருங்கள், அவள் திரும்பி வருவதற்கு வேறு வழி படத்தில் இல்லை.

அப்புறம் நடப்பதுதான் எனக்கு இந்தப் படத்தின் திருப்பம். அவள் சைக்கிளில் பாரிஸுக்குப் போனது, போய்ச் சேர்ந்தபோது எல்லாப் பத்திரிகையிலும் ஹிரோஷிமா என்ற பெயர் இருந்தது எல்லாம் சொல்லி முடிக்கிறாள். உன் கணவனுக்கு இது தெரியுமா என்று கேட்கிறான். தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியுமா? ஆமாம். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எழுந்து அவளை அணைத்துக்கொள்கிறான். இவ்வளவு பெரிய துக்கத்தைக் கேட்டவன் செய்கிற காரியமா அது? ஆனால் காதலில் அதுதான் நடக்கும். யாருக்கும் கிடைக்காதது தனக்குக் கிடைத்துவிட்டது என்ற கர்வம். அந்தச் சந்தோஷத்தின் விலை என்ன என்பதைப் படம் அடுத்த சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறது.

ஹோட்டலுக்குத் தனியாகத் திரும்புகிறாள். கைகழுவும் தொட்டியில் முகத்தை நனைக்கிறாள், கண்ணாடியைப் பார்க்கிறாள், செத்தவனிடம் பேசுகிறாள், பாதி வாய்விட்டு, பாதி மனசுக்குள். இன்று ராத்திரி இந்த அன்னியனோடு சேர்ந்து உனக்குத் துரோகம் செய்துவிட்டேன் என்கிறாள். படுத்துக்கொண்டதையா சொல்கிறாள்? இல்லை. நம் கதையைச் சொல்லிவிட்டேன், பார், அது சொல்லக்கூடிய கதையாகத்தான் இருந்திருக்கிறது என்கிறாள். 14 வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவரைக்கும் அது கதையாகவே இல்லை. அது அவள் உடம்பில் இருந்தது, துடிக்கிற ஒரு கையைப் பார்த்தால் கிளம்பி வந்துகொண்டிருந்தது. சொன்ன பிறகு அதற்குத் தொடக்கம், நடு, முடிவு வந்துவிட்டது. இனி அதை யாரிடமும் சொல்லலாம், மறக்கவும் செய்யலாம். ‘மனசு விட்டுப் பேசினால் பாரம் குறையும்’ என்கிறோம். பாரம் குறைகிறதுதான். குறைந்த பாரம் யாருடையது என்று இந்தப் படம்தான் கேட்டது.

நீ ஒன்றையும் பார்க்கவில்லை

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்தப் படத்தின் மேல் இருக்கும் பழைய குற்றச்சாட்டைத் தாண்டிப் போக முடியாது. ஹிரோஷிமாவை ஒரு வெள்ளைக்காரியின் சோகத்துக்குப் பின்திரையாக்கிவிட்டார்கள் என்பது அது. ரெனேயிடம் முதலில் கேட்டது அணுகுண்டு பற்றிய ஆவணப்படம். நாஜி வதைமுகாம்களைப் பற்றி அவர் 1955இல் எடுத்த ஆவணப்படத்தைத் தயாரித்த ஆர்கோஸ் நிறுவனமே கேட்டது. மாதக்கணக்கில் உழன்றுவிட்டு, ஜப்பானியர்கள் எடுத்துவைத்திருப்பதற்கு மேல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிரித்தார். அந்தக் கைவிரிப்பைத்தான் துராஸ் படத்தின் முதல் வசனமாக எழுதினார்: “ஹிரோஷிமாவில் நீ எதையும் பார்க்கவில்லை. எதையும்.” அவள் மறுக்கிறாள்: “எல்லாம் பார்த்தேன். எல்லாம்.” ஆஸ்பத்திரி, அருங்காட்சியகம், உருகி ஒட்டிப்போன சோடா மூடிகள், செய்திப்படம் என்று பட்டியல் போடுகிறாள். படம் அவள் சொல்வதையெல்லாம் காட்டவும் செய்கிறது, அவன் இல்லை இல்லை என்றுகொண்டே இருக்கிறான்.

அந்தத் தொடக்கப் பகுதியில் வரும் சிதைவுக் காட்சிகள் சில, ஹிதெயோ செகிகாவா 1953இல் எடுத்த ‘ஹிரோஷிமா’ என்ற ஜப்பானியப் படத்திலிருந்து எடுத்தவை. அந்தப் படத்தில் ஆசிரியராக நடித்தவர் யார் தெரியுமா? இதே எய்ஜி ஒகாடா. ‘நீ எதையும் பார்க்கவில்லை’ என்று சொல்லும் குரலுக்குரியவர், அவள் ‘பார்த்தேன்’ என்று சொல்லும் படத்துக்குள்ளேயே இருந்தவர். இன்னொரு சுவாரசியம், ஒகாடாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. வசனம் முழுவதையும் ஒலியாக மனப்பாடம் செய்து பேசியிருக்கிறார். அந்த ஏற்ற இறக்கமில்லாத ஓதல் தொனிக்கு அதுவும் ஒரு காரணம். ரிவாவும் பாடாமல் பாடுவதுபோல ஒரே சுருதியில் பிடித்துக்கொண்டார். வசனவரியை மட்டும் வாசித்துக்கொண்டு பார்ப்பவர்கள் இதை இழந்துவிடுவார்கள். முதல் பதினைந்து நிமிடத்தை ஒருமுறை வசனவரியை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். பிரதியும் முக்கியம். இது அகலமும் உயரமும் 1.37:1 விகிதத்தில் இருக்கும் சட்டகத்தில் எடுத்த படம். அகலத்திரைக்கு இழுத்த பிரதியில் முதல் காட்சியில் தழுவிக் கிடக்கும் இருவரின் தோள்களும் முதுகும் உருவமில்லாத மாவு உருண்டைகளாகத்தான் தெரியும். 2013இல் 4கே தரத்தில் மீட்டெடுத்த பிரதி கிடைத்தால் அதைப் பாருங்கள். சாம்பலா வியர்வையா என்று தெரியாமல் மின்னும் அந்தத் தோல், பழைய தேய்ந்த பிரதிகளில் வெறும் கறுப்பு.

வெளியானபோது பட்ட பாடு தனிக்கதை. அமெரிக்காவைப் புண்படுத்த வேண்டாம் என்று 1959 கான் திரைப்பட விழாவில் போட்டிப் பிரிவிலிருந்து தள்ளி வைத்தார்கள். ஜப்பானில் ‘24 மணி நேரத் தொடுப்பு’ என்று பொருள்படும் பெயரில் வெளியிட்டார்கள். விநியோகஸ்தர் மூளை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அவனுடைய குடும்பம் ஹிரோஷிமாவில் இருந்தது, அவன் போர்முனையில் இருந்தான். அதாவது அந்த நாளை அவனும் பார்க்கவில்லை. இதை ஒரே ஒரு துணுக்குப் பேச்சில் கடந்துவிடுகிறார்கள். அவன் அவளிடம் நெவேரைப் பற்றி ஒரு ராத்திரி முழுக்கக் கேட்கிறான். அவள் அவனிடம் ஹிரோஷிமாவைப் பற்றிக் கேட்பது அந்த ஒரு துணுக்கோடு சரி. ரெனேயின் தர்மசங்கடம் புரிகிறது, அவன் நினைவுக்குள் நுழைய அவருக்கு உரிமை இல்லை என்று நினைத்தார், அது நேர்மைதான். ஆனால் நேர்மையின் பலனாக அவன் கடைசிவரை அடுத்தவள் கதையைக் கேட்கும் காதாகவே நின்றுவிடுகிறான். இதைப் படத்தின் குறை என்றே சொல்வேன். எத்தனை முறை பார்த்தாலும் அது ஆறுவதில்லை.

ஒரே ஒரு இடம் இருக்கிறது. விடியப்போகும் நேரம், ரயில் நிலையக் காத்திருப்பு அறை. ஒலிபெருக்கி ‘ஹிரோஷிமா, ஹிரோஷிமா’ என்று ஊர்ப்பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பெஞ்சில் அவள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம், நடுவில் ஒரு ஜப்பானிய மூதாட்டி. யார் இவள், என்ன ஆயிற்று என்று பாட்டி அவனிடம் ஜப்பானிய மொழியில் விசாரிக்கிறாள். பிரெஞ்சுக்காரி, கொஞ்ச நேரத்தில் ஊரைவிட்டுப் போகிறாள், பிரிவதில் எங்களுக்கு வருத்தம் என்கிறான் அவன். மனப்பாடம் செய்த ஒலிகள் இல்லை, ஒகாடாவின் சொந்த மொழி. அவன் தன் துக்கத்தைத் தன் பேச்சில் சொல்லும் அந்த இரண்டு வாக்கியத்துக்கும் ரெனே பிரெஞ்சில் வசனவரி போடவில்லை. அவன் பேசி முடித்துத் திரும்பிப் பார்க்கும்போது அவள் எழுந்து போயிருக்கிறாள்.